கல்வியில் தள்ளிப்போடுதலும் தோல்வி அச்சமும்

கல்வியில் தள்ளிப்போடுதல் என்பது, தாமதித்தால் தனக்கே தீங்கு நேரும் என்று அறிந்திருந்தும், செய்யவேண்டிய படிப்பு வேலையை ஒரு மாணவர் தானாகவே ஒத்திவைக்கும் பழக்கத்தைக் குறிக்கும். தேர்வுக்குப் படித்தல், ஒப்படைகளை எழுதுதல், செய்முறைப் பதிவேட்டை முடித்தல், இறுதியாண்டுத் திட்டப்பணியைத் தொடங்குதல் ஆகியவை பெரும்பாலும் இவ்வாறு தள்ளிப்போடப்படுகின்றன. இப்பழக்கம் காலந்தாழ்த்தல், ஒத்திப்போடல், பிற்போடல் என்றும் அழைக்கப்படுகிறது.

தோல்வி அச்சம் என்பது, ஒரு முயற்சியில் தோற்றால் நேரக்கூடிய வெட்கம், பிறரது ஏமாற்றம், தன்மதிப்பு இழப்பு ஆகியவற்றை முன்கூட்டியே எண்ணி அஞ்சுவதாகும். இவ்விரண்டும் எல்லா மாணவர்களிடமும் சேர்ந்து காணப்படுவதில்லை. சேரும் இடத்தில் ஒன்றையொன்று வளர்க்கின்றன. அஞ்சுபவர் தொடங்கத் தயங்குகிறார். தொடங்காததால் ஆயத்தம் குறைகிறது. ஆயத்தம் குறைந்ததால் அச்சத்துக்கு உண்மையான காரணம் உண்டாகிவிடுகிறது.

பெற்றோரும் ஆசிரியர்களும் இதனைச் சோம்பல் எனக் கொண்டு கண்டிப்பது வழக்கம். ஆனால் உளவியல் ஆய்வாளர் பலர், இதனைப் பெரிதும் விரும்பத்தகாத உணர்வுகளைக் கையாள்வதில் உள்ள சிக்கலாகவே பார்க்கின்றனர். காரணம் எவ்வாறு புரிந்துகொள்ளப்படுகிறது என்பதைப் பொறுத்தே உதவும் முறையும் அமைவதால், இவ்வேறுபாடு முக்கியமானதாகும்.

சொல்லும் பொருளும்

இப்பழக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. "முன்னோக்கி" என்னும் பொருள்படும் முன்னொட்டும் "நாளைக்கு உரிய" என்னும் பொருள்படும் சொல்லும் இணைந்து அச்சொல் உருவானது. நாளைக்குத் தள்ளுதல் என்பதே அதன் நேர்ப்பொருள் ஆகும்.

தமிழில் இக்கருத்து மிகப் பழமையானது. திருக்குறளின் 61 ஆம் அதிகாரமான மடியின்மையில், கேட்டை நோக்கிச் செல்வோர் விரும்பி ஏறும் மரக்கலமாக நான்கு இயல்புகளை வள்ளுவர் உருவகிக்கிறார். காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், அளவு மீறிய உறக்கம் என்பன அவை. இவற்றுள் காலம் நீட்டித்தலைக் குறிக்க "நெடுநீர்" என்னும் சொல்லும், சோம்பலைக் குறிக்க "மடி" என்னும் சொல்லும் ஆளப்பட்டுள்ளன. நான்கும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டாலும், தள்ளிப்போடுதலும் சோம்பலும் இரு தனி இயல்புகளாக எண்ணப்பட்டுள்ளமை குறிப்பிடத்தக்கது.

இன்றைய உளவியலிலும் இவ்வேறுபாடு பேணப்படுகிறது. சோம்பல் உடையவருக்கு வேலையைச் செய்யும் விருப்பமே இல்லை. தள்ளிப்போடுபவருக்கோ விருப்பம் உண்டு. செய்யாமல் இருப்பது அவரை உறுத்திக்கொண்டும் இருக்கிறது. படிக்க வேண்டிய மாலைப்பொழுதில் மேசையை ஒழுங்குபடுத்துதல், கால அட்டவணைக்கு வண்ணம் தீட்டுதல், எளிதான வேறொரு பாடத்தைப் படித்தல் எனச் சுறுசுறுப்பாகவே பல வேலைகளைச் செய்துகொண்டு, செய்யவேண்டிய ஒன்றை மட்டும் தவிர்ப்பவர்களும் உண்டு.

எல்லாத் தாமதமும் தள்ளிப்போடுதல் ஆகாது. உடல்நலக் குறைவால் வேலை தடைப்படுவதும், கூடுதல் தகவலுக்காகக் காத்திருப்பதும், முதன்மையான வேறொரு வேலைக்கு இடம் கொடுப்பதும் இதில் அடங்கா. தாமதம் தன்விருப்பின்பாற்பட்டது, அதனால் நிலைமை மோசமாகும் என்பது முன்பே தெரியும் என்னும் இரு கூறுகளும் சேர்ந்திருந்தால் மட்டுமே அது தள்ளிப்போடுதல் எனப்படும்.

மாணவரிடையே பரவல்

மாணவரிடையே தள்ளிப்போடுதல் பற்றிய ஆய்வுகளுள் அடிப்படையாகக் கருதப்படுவது, ஐக்கிய அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா சாலமன், எஸ்தர் ராத்புளூம் ஆகிய இருவரும் 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வாகும். இதில் 342 மாணவர்கள் பங்கேற்றனர். கட்டுரை எழுதுவதை எப்போதும் அல்லது ஏறத்தாழ எப்போதும் தள்ளிப்போடுவதாக 46 விழுக்காட்டினர் தெரிவித்தனர். வாராந்திரப் பாடங்களை வாசிப்பதில் இது 30.1 விழுக்காடாகவும், தேர்வுக்குப் படிப்பதில் 27.6 விழுக்காடாகவும் இருந்தது.

ஒரே மாணவர் எல்லா வேலைகளையும் ஒரே அளவில் தள்ளிப்போடுவதில்லை என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. எழுதவேண்டிய வேலையில், என்ன எழுதுவது, எங்கு தொடங்குவது, எது போதுமானது என்பவற்றை மாணவரே முடிவுசெய்ய வேண்டியுள்ளது. அவ்வாறு எழுதியதைப் பிறர் மதிப்பிடவும் செய்கின்றனர். தெளிவின்மையும் மதிப்பீடும் சேரும் இடத்தில் தயக்கம் மிகுவது இயல்பே.

காரணங்கள்

பணியின் மீதான வெறுப்பு

மேற்கூறிய ஆய்வில் தள்ளிப்போடுவதற்கான காரணங்களாக இரண்டு மேலோங்கி நின்றன. முதலாவது, அந்த வேலையே பிடிக்காமை. சலிப்பு, கடினம், பொருளற்றதாகத் தோன்றுதல் ஆகியன இதில் அடங்கும். பல்வேறு வகைப்பட்ட மாணவர்கள் இக்காரணத்தைக் கூறினர். இரண்டாவது தோல்வி அச்சம். இதனைக் கூறியோர் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவர்களின் விடைகள் ஒன்றுக்கொன்று பெரிதும் ஒத்திருந்தன. அதாவது, அச்சத்தால் தள்ளிப்போடுபவர்கள் சிறியதாயினும் தெளிவாக அடையாளம் காணத்தக்க ஒரு குழுவினர் ஆவர்.

உடனடி மனநிம்மதி

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமோத்தி பிச்சில், உளவியலாளர் பியூசியா சிரோயிசு ஆகியோர் 2013 இல் வெளியிட்ட கட்டுரையில், தள்ளிப்போடுதல் குறுகிய கால மனநிலைச் சீராக்கத்தின் விளைவு என விளக்கினர். பாடநூலைத் திறந்தவுடன் பதற்றம் எழுகிறது. மூடியவுடன் அது தணிகிறது. அந்த நிம்மதி உடனே கிடைக்கும் பரிசாக அமைவதால், அடுத்த முறையும் நூலை மூடுவதற்கே மனம் பழகுகிறது. இதற்கான விலையைக் கொடுக்கவேண்டியவர் சில வாரங்களுக்குப் பின் தேர்வறையில் அமரப்போகும் அதே மாணவர்தான். எனினும் இன்றைய மனநிலையில் அவர் வேறொருவரைப் போலவே தோன்றுகிறார்.

தன்மதிப்பைக் காத்தல்

தோல்வி அச்சம் ஏன் ஒருவரைக் கூடுதலாகப் படிக்கவைக்காமல் படிப்பிலிருந்தே விலக்குகிறது என்னும் வினாவுக்கு விடையளிக்க முயன்றவர்களுள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த மார்ட்டின் கோவிங்டன் குறிப்பிடத்தக்கவர். பள்ளிச் சூழலில் பல மாணவர்கள் தம் மதிப்பைத் தம் திறமையோடும், திறமையை மதிப்பெண்ணோடும் சமப்படுத்திக்கொள்கின்றனர் என்பது இவரது தன்மதிப்புக் கோட்பாட்டின் அடிப்படையாகும். இவரும் கரோல் ஒமெலிக்கும் 1979 இல் வெளியிட்ட ஆய்வு, முயற்சியை இருபுறமும் கூரான வாளுக்கு ஒப்பிட்டது. முயலாமல் தோற்றால் ஆசிரியர் கண்டிப்பார். முழுமையாக முயன்று தோற்றாலோ, திறமையே இல்லை என்று ஆகிவிடும். இவ்விரண்டுள் முதலாவதே குறைவாக வலிப்பதாகச் சில மாணவர்களுக்குத் தோன்றுகிறது.

இவ்வாறு தனக்குத்தானே தடை ஏற்படுத்திக்கொள்ளும் போக்கு தற்தடை எனப்படுகிறது. 1978 இல் இசுடீவன் பெர்கிளாசு, எட்வர்டு ஜோன்சு ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை நடத்தினர். விடையே காணமுடியாத கணக்குகள் சில மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டு, அவர்கள் நன்றாகச் செய்ததாகக் கூறப்பட்டது. அடுத்த தேர்வுக்கு முன், திறனைக் கூட்டுவதாகச் சொல்லப்பட்ட மருந்து, திறனைக் குறைப்பதாகச் சொல்லப்பட்ட மருந்து என இரண்டு அவர்கள் முன் வைக்கப்பட்டன. தம் வெற்றிக்கான காரணம் விளங்காத ஆண் மாணவர்களுள் பலர் திறனைக் குறைக்கும் மருந்தையே தேர்ந்தெடுத்தனர். அடுத்த முறை தோற்றால் பழியை ஏற்க ஒரு பொருள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. தேர்வுக்கு முந்திய இரவில் மட்டும் படிக்கும் மாணவருக்கு அந்த மருந்தின் இடத்தில் இருப்பது கால நெருக்கடியே எனலாம். "ஒரே நாள்தான் படித்தேன்" என்னும் கூற்று, வென்றால் பெருமையாகவும் தோற்றால் கேடயமாகவும் பயன்படுகிறது.

அச்சமும் தன்திறன் நம்பிக்கையும்

தோல்வி அச்சமே எல்லாத் தள்ளிப்போடுதலுக்கும் காரணம் எனக் கொள்வது தவறாகும். கனடிய ஆய்வாளர் பியர்சு இசுட்டீல் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட கட்டுரையில், தோல்வி அச்சத்துக்கும் தள்ளிப்போடுதலுக்கும் உள்ள பொதுவான தொடர்பு வலுக்குறைந்தது எனக் கண்டார். குறையற்றதாகவே செய்யவேண்டும் என்னும் எண்ணத்துக்கும் இது பொருந்தியது. பணி வெறுப்பு, உந்துதலுக்கு எளிதில் ஆட்படும் இயல்பு, தன்னால் இயலும் என்னும் நம்பிக்கையின் குறைவு ஆகியன கூடுதல் வலுவான காரணிகளாக விளங்கின.

இம்முரணுக்கு 2012 இல் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் அளித்தனர். தமக்குத் திறன் உண்டு என்று நம்பும் மாணவர்களிடம் தோல்வி அச்சம் தள்ளிப்போடுதலைக் கூட்டவில்லை. அச்சமே அவர்களை வேலைக்குத் தூண்டியது. திறன் இல்லை என்று எண்ணும் மாணவர்களிடமோ அச்சம் மிகும்போது தள்ளிப்போடுதலும் மிகுந்தது. இரு வகையினரையும் சேர்த்துக் கணக்கிடும்போது தொடர்பு மங்கித் தோன்றுகிறது.

நடைமுறையில் இதன் பொருள் தெளிவானது. "படிக்காவிட்டால் தோற்றுவிடுவாய்" என்று அச்சுறுத்துவது ஏற்கனவே நம்பிக்கை உள்ள மாணவருக்கு ஒருவேளை பயன்படலாம். நம்பிக்கை இழந்தவருக்கு அதே எச்சரிக்கை புத்தகத்தை மூடுவதற்கான மற்றொரு காரணமாகிவிடுகிறது. பெரும்பாலும் அச்சுறுத்தப்படுபவர் இரண்டாம் வகையினரே ஆவர்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு பொறியியல் மாணவர் முதற்பருவக் கணிதத் தாளில் தேர்ச்சி பெறவில்லை எனக் கொள்வோம். இவ்வாறு நிலுவையில் நிற்கும் தாள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் "அரியர்" என்று அழைக்கப்படுகிறது. பள்ளியில் கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவராதலால், இந்த முடிவு அவருக்கு ஒரு தாளின் முடிவாகத் தோன்றாமல், தன்னைப் பற்றிய தீர்ப்பாகத் தோன்றுகிறது. செய்தியை வீட்டில் சொல்வதைத் தள்ளிப்போடுகிறார்.

அடுத்த பருவத்தில் புதிய தாள்களோடு இதனையும் எழுதவேண்டும். கணித நூலைத் திறக்கும்போதெல்லாம் பழைய முடிவு நினைவுக்கு வருகிறது. ஆகவே புதிய தாள்களை முதலில் முடிக்கலாம் என முடிவெடுக்கிறார். இது அறிவார்ந்த முடிவாகவே தோன்றுகிறது. தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஐந்து அலகுகளும் தொடப்படாமல் இருக்கின்றன. இரண்டு நாள் முன்பு, "இம்முறை எப்படியும் முடியாது, அடுத்த பருவத்தில் ஒழுங்காகப் படித்து எழுதலாம்" என்று தேர்வறைக்கே செல்லாமல் விடுகிறார். அன்று மாலை பெரும் நிம்மதி ஏற்படுகிறது. நிலுவைத் தாள்களோ இரண்டாகின்றன, பிறகு நான்காகின்றன.

இந்த மாணவர் ஒரு முறைகூட "படிக்கமாட்டேன்" என்று முடிவெடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு முறையும் "இப்போது வேண்டாம்" என்று மட்டுமே முடிவெடுத்தார். மேலும், இந்தச் சுழற்சியில் அவரது கணிதத் திறன் ஓரிடத்திலும் சோதிக்கப்படவில்லை. முதல் தேர்வுக்குப்பின் அவர் தோற்றதெல்லாம் எழுதாத தேர்வுகளில்தான். ஆயினும் "எனக்குக் கணிதம் வராது" என்னும் முடிவுக்கு அவர் வந்துவிடுகிறார்.

விளைவுகள்

நெருக்கடியில்தான் தமக்கு வேலை ஓடும் என்று கூறும் மாணவர்கள் பலர். இக்கூற்றை அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள கேசு வெசுட்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் டையான் டைசு, ராய் பௌமைசுட்டர் ஆகியோர் ஆராய்ந்து 1997 இல் முடிவுகளை வெளியிட்டனர். பருவத்தின் தொடக்கத்தில் தள்ளிப்போடும் மாணவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த மன அழுத்தத்துடனும் நல்ல உடல்நலத்துடனும் இருந்தனர். பருவத்தின் இறுதியில் நிலைமை தலைகீழானது. அவர்களின் அழுத்தமும் நோய்க்குறிகளும் மற்றவர்களைவிட மிகுந்தன. மொத்தக் கணக்கில் அவர்களே கூடுதலாக நோயுற்றனர். கட்டுரைகளுக்கும் தேர்வுகளுக்கும் அவர்கள் பெற்ற மதிப்பெண்களும் குறைவாக இருந்தன.

தள்ளிப்போடுதல் அழுத்தத்தை நீக்குவதில்லை, கடனாகப் பெற்ற பணம் போல வட்டியுடன் பின்னொரு நாளுக்கு மாற்றுகிறது என்பதே இவ்வாய்வின் சுருக்கம் எனலாம்.

மாணவர் கைக்கொள்ளத்தக்க வழிகள்

தொடங்கத்தக்க அளவுக்குச் சுருக்குதல்

"கணிதம் படிக்க வேண்டும்" என்பது செய்யத்தக்க வேலை அன்று. அதற்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. "அணிகள் பற்றிய அலகில், கேலி-ஆமில்ட்டன் தேற்றக் கணக்கு ஒன்றை எடுத்துக்காட்டைப் பார்த்து எழுதுதல்" என்பது செய்யத்தக்கது. மறுக்கவே தோன்றாத அளவுக்கு முதற்படி சிறியதாக இருத்தல் நல்லது. தன்திறன் நம்பிக்கை பற்றிய கோட்பாட்டை 1977 இல் முன்வைத்த ஆல்பர்ட் பண்டூரா, அந்நம்பிக்கைக்கு வலுவான ஊற்று தானே செய்து முடித்த அனுபவமே என்றார். ஊக்கச் சொற்களைவிட, முடித்த ஒரு கணக்கு கூடுதலாக உதவுவதன் காரணம் இதுவே.

நேரத்தையும் இடத்தையும் முன்பே தீர்மானித்தல்

செருமானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர், "இன்ன நிலை வந்தால் இன்னதைச் செய்வேன்" என்னும் வடிவில் திட்டமிடுவதன் பயனை ஆராய்ந்தார். 1997 இல் வெளியான ஆய்வொன்றில், கிறித்துமசு விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்புமாறு மாணவர்களிடம் கேட்கப்பட்டது. எப்போது, எங்கே எழுதப்போகிறோம் என்பதை முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களுள் குறித்த காலத்தில் முடித்தோர், குறித்துக்கொள்ளாதவர்களைப்போல் இரு மடங்குக்கும் மேலாக இருந்தனர். "இன்று படிப்பேன்" என்பதைவிட, "இரவு உணவு முடிந்து தட்டைக் கழுவி வைத்தவுடன் முன்னறை மேசையில் அமர்ந்து முதல் கணக்கை எழுதுவேன்" என்பது பயன் தரும். அந்த நேரம் வரும்போது மறுபடியும் முடிவெடுக்கவேண்டிய தேவை இருப்பதில்லை.

குறுகிய நேரக் கூறுகள்

1980களின் இறுதியில் இத்தாலியப் பல்கலைக்கழக மாணவராக இருந்த பிரான்செசுக்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறை மணிக்கடிகாரம் ஒன்றைக்கொண்டு படிக்கத் தொடங்கினார். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்னும் அம்முறை, தக்காளியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லால் பொமொடோரோ முறை என்று இன்று அறியப்படுகிறது. 25 நிமிடம் என்பதில் மறைபொருள் எதுவும் இல்லை. பத்து நிமிடத்தில் தொடங்குபவரும் உண்டு. முடியும் நேரம் தெரிந்திருப்பதால் பதற்றத்தைப் பொறுத்துக்கொள்வது எளிதாகிறது. அந்நேரத்தில் கைப்பேசியை வேறு அறையில் வைப்பது, உந்துதலுக்கு எளிதில் ஆட்படுபவர்களுக்கு மன உறுதியைவிட நம்பத்தக்க காவலாகும்.

பிழை செய்வதற்கு ஓர் இடம்

மதிப்பீட்டுக்கு அஞ்சுபவருக்கு, எவரும் மதிப்பிடாத இடத்தில் தவறு செய்யும் வாய்ப்புத் தேவை. கட்டுரையின் முதல் வரைவை, யாருக்கும் காட்டப்போவதில்லை என்னும் உறுதியுடன் எழுதலாம். பழைய வினாத்தாள் ஒன்றை நூலை மூடிவைத்துத் தனியே எழுதிப் பார்க்கலாம். இதற்கு நினைவாற்றல் சார்ந்த பயனும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர்களான என்றி ரோடிகர், செப்ரி கார்ப்பிக் ஆகியோர் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தை மீண்டும் மீண்டும் வாசித்தவர்களைவிட, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரத்துக்குப் பின் கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர்.

தன்னை மன்னித்தல்

கார்ல்டன் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர்கள் 119 பேரிடம் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வு ஒன்று, பொதுவான கருத்துக்கு மாறான முடிவைக் காட்டியது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தம்மைத்தாமே மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டனர். தம்மைக் கடிந்துகொண்டவர்களுக்கு அந்தப் பாடமே குற்றவுணர்வோடு பிணைந்துபோகிறது. குற்றவுணர்விலிருந்து தப்ப அவர்கள் பாடத்தையும் தவிர்க்கின்றனர். மன்னித்தல் என்பது தவறே இல்லை எனச் சாதிப்பது அன்று. தவறை ஒப்புக்கொண்டு, இழந்த நாள்களைக் கணக்கிட்டுக்கொண்டிராமல் மீதமுள்ள நாள்களிலிருந்து தொடங்குவதாகும்.

ஆசிரியர், பெற்றோர் பங்கு

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குளோடியா முல்லர், கரோல் டுவெக் ஆகியோர் 1998 இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புச் சிறுவர்கள் சில புதிர்களை விடுவித்தபின் ஒரு பகுதியினர் அறிவுக்கூர்மைக்காகவும், வேறொரு பகுதியினர் உழைப்புக்காகவும் பாராட்டப்பட்டனர். பின்னர் கடினமான புதிர்களில் தோல்வி கண்டபோது, அறிவுக்கூர்மைக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விரைவில் ஊக்கம் இழந்தனர். அடுத்த புதிர்களிலும் அவர்களின் திறன் குறைந்தது. "கெட்டிக்காரன்" என்னும் பட்டம் காப்பாற்றப்படவேண்டிய சுமையாகிறது. அதே வேளையில், மனப்பாங்கை மாற்றும் பயிற்சிகள் பெரும் அற்புதத்தை நிகழ்த்துவதில்லை. அமெரிக்காவில் நாடளாவிய அளவில் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வில், குறைந்த மதிப்பெண் பெறும் மாணவர்களிடம் சிறிய அளவு முன்னேற்றமே காணப்பட்டது.

ஆசிரியரும் பெற்றோரும் செய்யக்கூடியவற்றுள் பின்வருவன எளியவை.

1. பெரிய பணிக்கு ஒரே இறுதி நாளை வைப்பதற்கு மாறாக, தலைப்பு, உருவரை, முதல் வரைவு என இடைநாள்களைக் குறித்தல்.
2. முதல் வரைவுக்கு மதிப்பெண் இடாமல், திருத்தவேண்டியவற்றை மட்டும் சுட்டுதல்.
3. "ஏன் படிக்கவில்லை?" என்பதற்கு மாறாக, "எந்த இடத்தில் நின்றுவிட்டது?" எனக் கேட்டல். முதல் வினாவுக்குக் கிடைப்பது சாக்கு. இரண்டாவது வினாவுக்கு ஒரு பக்க எண் கிடைக்கக்கூடும்.
4. உடன்பிறந்தோர், உறவினர் பிள்ளைகள், அடுத்த வீட்டார் ஆகியோரின் மதிப்பெண்களோடு ஒப்பிடாதிருத்தல்.
5. தோல்வியை வீட்டில் சொல்ல முடியும் என்னும் நிலையை, முடிவு வெளிவரும் நாளுக்கு முன்பே உருவாக்கி வைத்தல்.

இவற்றுள் இறுதியானது முதன்மையானது. தோல்வியின் விலை வீட்டின் அன்பை இழப்பது என்று மாணவர் நம்பும் வரை, மற்ற உத்திகள் அவருக்கு அதிகம் உதவுவதில்லை.

தேர்வு முறையும் தோல்வியும்

பொதுத்தேர்வின் எடை மிகுந்த சமூகங்களில் தோல்வி அச்சம் தனிமனித இயல்பாக மட்டும் இருப்பதில்லை. தமிழ்நாட்டில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம் பெறுவோரின் பட்டியல் நெடுங்காலமாக வெளியிடப்பட்டு வந்தது. 2017 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இந்நடைமுறையைக் கைவிட்டது. மாணவரிடையே ஏற்படும் மன அழுத்தத்தைக் குறைப்பது இதன் நோக்கங்களுள் ஒன்றாகும்.

தேர்வு முறைகள் மறுவாய்ப்புகளையும் கொண்டுள்ளன. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வில் தேர்ச்சி பெறாதவர்கள் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதலாம். இலங்கையில் கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சைக்குப் பல்கலைக்கழக அனுமதியின் பொருட்டு மூன்று முறை தோற்ற இடமுண்டு. இவ்வாய்ப்புகளைப் பற்றிய தகவல் தேர்வு முடிவுக்குப் பின்னரே பெரும்பாலும் பேசப்படுகிறது. தேர்வுக்கு முன்பே இது மாணவருக்குத் தெரிந்திருந்தால், தோல்வி ஒரு வழியின் முடிவு அன்று, சில மாத காலத் தாமதம் என்பது விளங்கும்.

பிற காரணங்களும் உதவி நாடுதலும்

வேலை முடிக்கப்படாமல் இருப்பதெல்லாம் இக்கட்டுரை கூறும் வகையைச் சேர்ந்தது அன்று. மாலையில் வேலைக்குச் செல்லும் மாணவர், வீட்டில் படிக்க இடமில்லாதவர், பள்ளியில் தமிழ் வழியில் பயின்று கல்லூரியில் ஆங்கில நூல்களோடு போராடுபவர் ஆகியோரின் சிக்கல்களுக்கு நேர அட்டவணை தீர்வாகாது. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, மனச்சோர்வு, பதற்றக் கோளாறு ஆகியவற்றிலும் வேலையைத் தொடங்க இயலாமை ஓர் அறிகுறியாகக் காணப்படுகிறது. இவற்றுக்கு மருத்துவரின் உதவி தேவை.

கடுமையான தள்ளிப்போடுதலுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பயன்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சுவீடனில் 150 பேரிடம் இணையவழியே பத்து வாரம் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் அடைந்தனர்.

உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் குலைதல், நண்பர்களிடமிருந்து முற்றாக விலகுதல், வாழ்வதில் பொருளில்லை எனப் பேசுதல் ஆகியவை காணப்பட்டால் படிப்பைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவைத்து உடனடியாக உதவி நாடவேண்டும். தமிழ்நாட்டில் 104 என்னும் அரசு மருத்துவ உதவி எண்ணிலும், இந்தியா முழுவதும் 14416 என்னும் தொலைபேசி மனநல உதவி எண்ணிலும், இலங்கையில் 1926 என்னும் தேசிய மனநல உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். தாமதமின்றிச் செய்யவேண்டியவற்றுள் உதவி கேட்பதும் ஒன்றாகும்.